அதிர்வுமானியும் அஞ்சரை மணித் தண்ணியும்

பூகம்பத்துக்காகக் காத்திருக்கிற உத்தியோகத்தில் பூகம்பத்தைத் தவிர எல்லாம் வரும். எந்தக் கருவிக்காவது காவல் இருந்து நொந்தவர்களுக்கு இது புரியும், மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

விளக்கம்

இலங்கையில் கண்டிக்கு அருகே பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மூலையில், பூகம்ப அலையைப் பதியும் அதிர்வுமானி இருந்தது. அதன் ஊசி கோடு போடும் தாளை மாற்றுவது என் வேலை. சுமாத்திராவுக்கு அடியில் கடலடிப் பாறை இன்னொரு பாறையின் கீழே புகுகிறது. அது ஆழத்தில் விடும் தண்ணீரால் மேலேயுள்ள பாறை உருகுகிறது. அந்த உருகலைக் கடந்து வரும் பூகம்ப அலை வேகம் குறையும்; அதைப் பதியத்தான் இந்தக் கருவி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாரிமுத்து அண்ணனிடம் இதைச் சுருக்கி, "தண்ணி இருந்தா அலை தள்ளாடும் அண்ணே" என்றேன்.

"தண்ணி போட்டா தள்ளாடத்தானே செய்யும்? இதுக்கு மெசினு எதுக்கு தம்பி?"

கண்டுபிடிப்பு

சுத்தமான பதிவு வராவிட்டால் கருவியை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதாக, அதை அங்கே வைத்த புரபசர் சொல்லியிருந்தார். கருவி போனால் நானும் வீட்டுக்குத்தான். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் ஒருநாள் கண்டியிலிருந்து வந்து தாள்களைப் புரட்டினார். தினமும் காலை அஞ்சரைக்கு ஊசி அரை மணி நேரம் நடுங்கியிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் வேலை போய்விடும். அவருக்கோ முகமெல்லாம் பல்.

"ஓமடாப்பா, நிலத்துக்குக் கீழ திரவம் நகருது! நேரம் தவறாமல் நகருது!"

குடம்

இரவு அங்கேயே தங்கிய புரபசர், மறுநாள் காலை ஊசி ஆடத் தொடங்கியதும் கருவி அறைக் கதவைத் திறந்தார். இருபது பெண்கள் குடங்களோடு ஓடையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். லயத்துப் பைப்பில் தண்ணீர் நின்று ஒரு வருஷம். ஓடைக்குப் பாதை கருவி அறையை உரசிக்கொண்டுதான் போகிறது. புரபசர் என்னை முறைத்தார். வேறு வழியாகப் போகும்படி, முன்னால் வந்த செல்லம்மா அக்காவிடம் கெஞ்சினேன். அவர் இடுப்புக் குடத்தை இறக்கவேயில்லை.

"சுமாத்திராவுக்கு அடியில உள்ள தண்ணிய இங்கருந்தே பாக்குறீங்க. எங்க பைப்புல தண்ணி இல்லாதது மட்டும் தெரியலையா?"

மனு

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. புரபசருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதிர்வுமானியின் நலன் கருதி லயத்துப் பைப்பை உடனே திருத்தவேண்டும் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு அன்றே எழுதினார். பெண்கள் ஒரு வருஷமாகக் கேட்டும் வராத தண்ணீர், கருவி கேட்டதும் பத்தே நாளில் வந்தது. பாதை வெறிச்சோடியது; ஊசி ஆடாமல் கோடு போட்டது. செல்லம்மா அக்கா கருவி அறை வாசலில் கற்பூரம் கொளுத்தினார்.

"இனிமே எதுன்னாலும் இந்த மெசினுகிட்டயே மனு குடுத்துருவோம் தம்பி."

சுமாத்திராவின் ஆழத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் என் வேலையைக் காப்பாற்றியது லயத்துப் பைப்பில் வந்த தண்ணீர்தான்.