கேமராவிலேயே தங்கிவிட்ட படம்

என் தம்பிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "படம் எடுக்கிறான்" என்று நான் சொல்வதில்லை. கல்யாணப் பேச்சு நடந்த ஒரு வீட்டில் அவனே அப்படிச் சொல்லிவிட்டான். பெண்ணின் அத்தை கண்ணை அகல விரித்து, "எந்த ஹீரோவை வச்சு?" என்று கேட்டாள். இவன் திருதிருவென்று விழித்துவிட்டு, "கண்ணாடி, பிளாஸ்டிக், சில சமயம் ரப்பர்" என்றான். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. "படம் எடுக்கிற வேலை பாம்புக்கும்தான் இருக்கு, அதுக்குக்கூட ஜோடி கிடைச்சிடுது" என்று வீடு வந்து சேரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பொருட்களை உடைத்துப் பார்க்கிற ஒரு பரிசோதனைக்கூடத்தில் அவன் கேமராவைப் பார்த்துக்கொள்கிறவன். அங்கே கேமராவின் பட்டனை யாரும் அழுத்துவதில்லை. விரல் பட்டனைத் தொடுவதற்குள் உடைய வேண்டியது உடைந்து முடிந்திருக்கும். அதனால் பொருளின் மேலேயே ஒரு சின்ன சென்சாரை ஒட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்துக் கேமராவில் செருகிவிடுவார்கள். விரிசல் விழுந்ததும் ஒயரில் சிக்னல் போகும், கேமரா தானாக எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் தயார் செய்வதும், எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பத்திரமாகச் சேர்ப்பதும் தம்பியின் பொறுப்பு.

அந்தக் கேமராவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எடுத்த படத்தை உடனே கொடுக்காது. அடுத்த சிக்னல் வந்தால்தான் முந்தைய படத்தைக் கம்ப்யூட்டருக்குத் தள்ளும். கடைசிப் படம் அதன் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். ஆகவே சோதனை முடிந்ததும் தம்பி தன் கையால் ஒரு வெற்று சிக்னல் கொடுப்பான். அங்கே அதற்குப் பெயர் 'சும்மா ஒண்ணு'. நாளடைவில் அவனுக்கே 'சும்மா' என்று பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்குப் போன் செய்து, "சும்மா இருக்காரா?" என்பார்கள். "வேறென்ன செய்வான், சும்மாதான் இருக்கான்" என்று நான் ரிசீவரை அவனிடம் கொடுப்பேன்.

புதுக் கேமரா கேட்டு வாங்க வேண்டியதுதானே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "இது நல்லாத்தான் இருக்குக்கா, அதோட மனசு தெரிஞ்சு நடந்துக்கணும்" என்பான். பெண்டாட்டியிடம் காட்ட வேண்டிய பொறுமையெல்லாம் அந்த இரும்புப் பெட்டியிடம் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் செருப்புக் கடைக் கண்ணாடி வந்து சேர்ந்தது. கடையின் முகப்பில் ஆளுயரக் கண்ணாடிகள் இரண்டு. அதில் ஒன்று பட்டப்பகலில், யாரும் தொடாமலே வெடித்துக் கீழே நின்றிருந்த ஒரு பெண்ணின் மேல் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது. மாட்டிய ஆள் மூலைத் திருகை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டான் என்றது கண்ணாடிக் கம்பெனி. அதை வைத்து மாட்டியவர் மேல் கேஸ் போட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி மாட்டியவர். இறுக்கினேனா, இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

மீதமிருந்த ஜோடிக் கண்ணாடியைச் சட்டத்தோடு பெயர்த்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதே நாளில் வார்த்தது, அதே கை மாட்டியது. விளக்குச் சூட்டில் அதையும் வெடிக்க வைப்பது என்று ஏற்பாடு. விரிசல் மூலையில் தொடங்கினால் திருகின் தப்பு, நடுவில் தொடங்கினால் கண்ணாடிக்குள்ளேயே கோளாறு. ஆனால் வெடித்தபின் எல்லாம் கல்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். எங்கே தொடங்கியது என்று படம் ஒன்றுதான் சொல்லும்.

சோதனையன்று கம்பெனி ஆளும் மாட்டியவரும் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறார்கள். கண்ணாடி சூடேறச் சூடேற, சென்சார் தவிர ஒரு கடிகாரமும் அவ்வப்போது சிக்னல் கொடுக்க, படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. பிறகு வெடித்தது. அந்தச் சத்தத்தில் மாட்டியவர் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே சரிந்தார். சரிந்தவரின் கால் விளக்கு ஒயரில் மாட்டி இழுக்க, வலைக்கு இந்தப் பக்கமே நின்ற கொதிக்கிற விளக்கு ஸ்டாண்டோடு அவர் மேல் சாய்ந்தது. ஆளுக்கு ஆபத்து என்றால் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்பது அங்கே சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கிற பாடம். தம்பி ஒரே தாவலில் மெயினை அணைத்துவிட்டு, ஸ்டாண்டைக் கையால் தாங்கிப் பிடித்தான். உள்ளங்கை வெந்துவிட்டது.

மெயினோடு கேமராவும் அணைந்தது. கடிகாரத்தின் அடுத்த சிக்னலும் வரவில்லை, சும்மா ஒண்ணும் போகவில்லை. மறுபடி கரண்ட் வந்தபோது கேமரா துடைத்துவைத்த பாத்திரமாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்த கடைசிப் படத்தில் கண்ணாடி முழுசாக நிற்கிறது.

வீட்டுக்கு வந்தவன் கையில் கட்டோடு தட்டின் முன்னால் உட்கார்ந்தே இருந்தான்.

"ஒரு மனுஷனைக் காப்பாத்தியிருக்கே. சாப்பிடுடா" என்றேன்.

"பட்டன் பக்கத்துலயே இருந்துச்சுக்கா. சும்மா ஒண்ணு விட்டுட்டு அணைச்சிருக்கலாம்."

"அதுக்குள்ள விளக்கு அந்தாள் மூஞ்சில விழுந்திருக்கும்."

"விழுந்திருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பிறகு அடுப்படியில் நின்று நானே அழுதேன்.

காரணத்தை உறுதி செய்ய முடியவில்லை என்று அறிக்கை போயிற்று. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து மாட்டியவரை விட்டுவிட்டார்கள். கம்பெனி ஆள் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். தம்பி மட்டும் அந்தக் கண்ணாடித் துகள்களை எறிய விடவில்லை. அனுமதி கேட்டு, மூட்டை மூட்டையாகக் கட்டி, எங்கள் மொட்டைமாடி அறையில் கொண்டுவந்து இறக்கினான். கோளாறு நடுவில் இருந்திருந்தால் அந்த இடத்தில் இரண்டு சில்லுகள் மட்டும் பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி ஒட்டி நிற்குமாம், நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி இருக்குமாம். லீவு நாளெல்லாம் லென்ஸை வைத்துக்கொண்டு அதைத் தேடினான். விரல்நுனியெல்லாம் கீறல். "பைத்தியம் முத்திடுச்சு" என்று நான் கத்தியதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டியவர் வீடு தேடி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். விடுதலை ஆகிவிட்டதே, அப்புறம் எதற்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க பக்கத்துல நின்னீங்க. விரிசல் எங்கேருந்து விட்டுச்சு?"

தம்பி என்னைப் பார்த்தான். நடுவில் என்று சொல்லித் தொலையேன் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். பொய் சொல்லி நான் அவனைப் பார்த்ததே இல்லை.

"நடுவுலதான்" என்றான்.

"படத்துலயா, கண்ணுலயா?"

"கண்ணுல."

கோபம்கூட வரவில்லை அவருக்கு. "கண்ணாடி எங்கேருந்து வெடிக்குதுன்னு கண்ணால பார்த்தவன் எங்க தொழில்லயே கிடையாது சார்" என்றார்.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிலுக்குப் போயிருந்தாக்கூட, செஞ்சதுக்கு அனுபவிக்கிறோம்னு கிடந்திருப்பேன் அக்கா. என் தப்பு இல்லன்னு சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணோட அம்மாவைப் போய்ப் பார்த்திருப்பேன். இப்ப எந்த மூஞ்சியோட போறது?"

தம்பி எழுந்து, "மேல வாங்க" என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இரண்டு பேரும் அந்த அறையில்தான். கண்ணாடி பழகிய கையென்பதால் அவர் தம்பியைவிட வேகமாகப் பார்ப்பார். சில்லுகளைத் தள்ளும் சத்தம் மட்டும் கீழே என் தையல் மிஷின் வரைக்கும் கேட்கும். கருப்பாக ஏதாவது பட்டால் சத்தம் நிற்கும், என் மிஷினும் கூடவே நிற்கும். தூசி என்று தெரிந்ததும் மேலே மறுபடி ஆரம்பிக்கும். மூட்டைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, அவரவர் பார்த்தது தனித்தனி மூட்டையாகி எதிர்ச் சுவரோரம் சேர்ந்துகொண்டே போயின.

கடைசி மூட்டை முடிந்த அன்று நான் டீயோடு மேலே போனேன். தரையில் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காலிச் சாக்கு. கிடைக்கவில்லை. இல்லாததால் கிடைக்கவில்லையா, கண்ணில் படாமல் போயிற்றா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவர் கேட்க வேண்டும், பதிலை என் தம்பி சொல்ல வேண்டும்.

இதோடு எழுந்து போய்விடுவார், இனி வரமாட்டார் என்று நினைத்தேன். நினைக்கும்போதே நிம்மதியாக இருந்தது, சொல்வதற்கென்ன.

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுக் கீறல் விழுந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நான் பார்த்ததை நீங்க பாருங்க, நீங்க பார்த்ததை நான் பார்க்கிறேன் தம்பி" என்றார்.

தம்பி எதிர்ச் சுவரோரம் போய், முதல் மூட்டையின் கட்டை அவிழ்த்தான்.