கடைசிக் குஞ்சும் கடல் கடந்தது

டாஸ்மேனியாவின் தென்மேற்கில், தெருவே போகாத ஒரு சமவெளியில், கிளிகளுக்குத் தீனி வைக்கும் பருவகால வேலைக்கு என் மகள் போயிருந்தாள். அந்தக் கிளிகளுக்குப் பச்சை உடம்பு, வயிற்றில் ஒரு செம்மஞ்சள் திட்டு. உலகத்தில் அந்த இனம் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது. கோடையில் அங்கே குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் கடல் கடந்து அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் உவர்ச் சதுப்புகளுக்குப் போய்விடும். "கிளியள் போனோடன வாறன் அம்மா" என்றிருந்தாள்.

மார்ச்சில் போகும் என்று வாசித்தேன். டென்மார்க்கில், சில்க்போர்க்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் விடுமுறையை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தைக் கேட்டேன். அவளுடைய கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டேன்.

அதற்கு முந்திய ஞாயிறு காலை பேசினோம். அவளுக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம்.

"கிளியள் போயிட்டுதுகளோ?"

"பெரிசுகள் போயிட்டுது. குஞ்சுகள் நிக்குது."

"பிள்ளையளை விட்டிட்டோ? என்ன தாய் தகப்பன் அதுகள்!"

சிரித்தாள். "அப்பிடித்தான் அம்மா. குஞ்சுகள் பிறகு தாங்களாப் போகும். ஒருத்தரும் வழி காட்டுறேல்லை."

"அப்ப நீ?"

"நானும் அந்தக் கரைக்குப் போறன். எத்தினை தப்பி வந்தது எண்டு குளிர் முடியுமட்டும் பாக்கோணும்." பிறகு, கோபமா என்று டெனிஷில் கேட்டாள்.

"எனக்கென்ன கோவம்" என்று தமிழில் சொன்னேன்.

மறுநாள் விடுமுறையை ரத்துச் செய்யக் கேட்டேன். என் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று, நன்றாக ஓய்வெடு என்றாள் மேலாளர். அன்பாகத்தான் சொன்னாள். ஏரிக்கரையில் நடந்தேன். தமிழ்க் கடைக்காரர், "பிள்ளை வந்திட்டாளோ அக்கா?" என்றார். "இன்னும் இல்லை" என்று சொல்லி ஒருவருக்குப் போதுமான கத்தரிக்காய் மட்டும் வாங்கினேன்.

வியாழன் காலை, வழக்கமில்லாத நாளில், அவள் அழைத்தாள்.

"அம்மா, கடைசிக் குஞ்சும் போயிட்டுது. விடியத் தட்டில சாப்பிட்டுது. பின்னேரம் வரேல்லை."

அவள் குரல் உடைந்திருந்தது. அத்தனை கிழமையும் அவை சீக்கிரம் பறந்து போகட்டும் என்றே வேண்டியிருந்தவள் நான். இப்போது, "கடலுக்கு மேல காத்து எப்பிடி?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை."

"அப்ப போய்ச் சேர்ந்திடும். நீ எப்ப வெளிக்கிடுறாய்?"

"நாளைக்கு."

"தனியவோ?"

"ஓம்."

"சரி, போயிட்டு வா பிள்ளை."

விடுமுறையில் இன்னும் மூன்று நாள் இருந்தன.