எல்லோரும் சொன்ன இரண்டு

என்னைச் சந்தேகப் பிராணி என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் தையல் பிரிவில் எடுத்த சர்வே தாள்களை எங்கள் காட்பாடி ஆபீசில் பிரித்த அன்று, சந்தேகப்படாமல் இருந்திருந்தால்தான் நான் பைத்தியக்காரி.

மேலதிகாரி தப்பாகக் கை வைக்கிறானா என்று நேராகக் கேட்டால் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? அதனால் ஒரு சுற்றுவழி. பாதிப் பேருக்கு மூன்று வரி அட்டை: கம்பெனி பஸ்ஸில் வருகிறேன், வீட்டுச் சாப்பாடு கொண்டு வருகிறேன், இந்த வருஷம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மீதிப் பேருக்கு அதே மூன்றோடு நாலாவதாக ஒன்று: மேலதிகாரி என்னைத் தொட்டான். எது உண்மை என்று சொல்ல வேண்டாம், எத்தனை உண்மை என்று சொன்னால் போதும். இரண்டு பக்கத்துச் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, எவ்வளவு பேருக்கு அது நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். யாருக்கு என்பது எங்களுக்கே தெரியாது. அப்படித்தான் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தேன். அன்றைக்கு அட்டையைக் கொடுத்தோம், மறுநாள் எண்ணை எழுதிக்கொண்டோம்.

பிரித்தால் ஒரு தாள் விடாமல் இரண்டு. வித்தியாசம் பூஜ்யம். அது அப்படியே அறிக்கையாகப் போனால், அந்தக் கம்பெனியில் ஒரு குறையும் இல்லை என்றாகிவிடும். என் தங்கை அங்கேதான் தைக்கிறாள். ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பாள்.

முதலில் எச்.ஆர். மேல் சந்தேகம். டீ கொடுக்கிற சாக்கில் அந்த ஆள் மூன்று தடவை கேன்டீனுக்குள் வந்துபோனார். அப்புறம் எங்கள் ஆட்கள் மேலேயே. வெயிலுக்குச் சோம்பி, மரத்தடியில் உட்கார்ந்து அவர்களே நிரப்பிவிட்டார்களோ? கூட வேலை செய்கிறவளைத் திட்டியே விட்டேன், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். "இன்னாடி, ரெண்டுன்னு சொல்லச் சொல்லி யார் சொல்லிக்கொடுத்தது?"

வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "நான்தான். பஸ்ல பேசி வெச்சிக்கினோம்."

எனக்கு உறைத்தது. ஒருத்தி ஜாஸ்தி ஜோடி தைத்துக் காட்டினால் மறுநாள் எல்லோருக்கும் டார்கெட் ஏறிவிடும். அதனால் எந்த எண்ணாக இருந்தாலும் பஸ்ஸிலேயே பேசி ஒரே மாதிரி சொல்வது அவர்கள் வழக்கம். அதை ஆபீசில் யாரும் யோசிக்கவில்லை, தங்கையை அங்கே வைத்திருக்கும் நானும் யோசிக்கவில்லை.

ஆனாலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு தலைப்பாடா அடிச்சிக்கினேனேடி. உன் எண்ணைச் சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா கேடு?"

"எனக்கு வந்தது நாலு வரி அட்டைக்கா," என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "பஸ்லதான் போறேன். சோறு கட்டிக்கினுதான் போறேன். இ.எஸ்.ஐ.க்கு நீதான கூட்டிட்டுப் போன. நாலுன்னு சொல்லியிருந்தா, எதுன்னு தெரியாதாக்கா?"