டொக்டர் ஹெல்கா கூப்பிட்ட மத்தியானம்

வீட்டில் பல்லி சொன்னால்கூடத் திரும்பிப் பார்க்காத ஆள் நான். பேய்க்கதை சொல்ல வருகிறவர்களைச் சீண்டியே ஓட்டிவிடுவேன். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஜெர்மனியில், ஹாம் நகருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் வேலை எனக்கு. அதைப் பார்த்து நோயைச் சொல்பவர் டொக்டர் ஹெல்கா. என்ன கண் அது! மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால், சுவருக்குள் கசிந்த இரத்தம் படத்தில் வெள்ளைப் பிறையாகத் தெரியும். மற்றவர்கள் தவறவிடும் பிறையை அவர் கோப்பி குடித்தபடியே தொட்டுக் காட்டுவார்.

அவர் விடுமுறையில் போன நேரம் எங்கள் தமிழர் ஒருவர், சிவம் அண்ணை, படம் எடுக்க வந்தார். பக்கத்து ஊன்ட்றொப் அம்பாள் கோயில் திருவிழாவில் கழுத்தை அங்குமிங்கும் வெட்டி வெட்டிக் காவடி ஆடி ஒரு கிழமை ஆகியிருந்தது. தலையிடி, தலைச்சுற்று என்று மட்டும் சொல்லியிருந்ததால் தலையை மட்டும் எடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தலையில் ஒன்றுமில்லை. அவரை வெளியே எடுக்கப் போகையில் தொலைபேசி அடித்தது. ஹெல்காவின் குரல், கழுத்தையும் எடுக்கச் சொன்னது. எடுத்தேன், இடப்பக்கக் குழாயில் பிறை! உடனே வார்டு டொக்டரைக் கூப்பிட்டேன். அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பக்கவாதத்தில் விழுந்திருப்பார்.

வார்டில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, டொக்டர் ஹெல்கா கூப்பிட்டுச் சொன்னதை அவருக்குச் சொல்லிவிட்டுக் கேட்டேன், "ஏன் அண்ணை, கழுத்து நோவெண்டு சொல்லேல்லை?"

"நேர்த்திக் காவடி தங்கச்சி. நோகுதெண்டால் அம்பாளைக் குறை சொன்ன மாதிரி எல்லோ."

ஹெல்கா திரும்பி வந்ததும் நன்றி சொன்னேன். கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் கூப்பிடவில்லையே. அந்த நேரம் விமானத்தில் இருந்தேன். ஆனால் கூப்பிட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

வேறு யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அண்ணை வீட்டுக்குப் போகும் நாளில் அந்தத் தேற்றலும் போயிற்று.

"உங்கடை டொக்டரம்மா எங்கை தமிழ் படிச்சவ?"

"அவவுக்கு ஒரு சொல்லும் தெரியாதே அண்ணை."

"போனிலை நீங்கள் 'ஓம் அக்கா, கழுத்தையும் எடுக்கிறன்' எண்டது மைக் திறந்து கிடந்ததாலை எனக்கு மெஷினுக்கை கேட்டதே."

ஹெல்காவை நான் ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. குரல் அவருடையதுதான், சத்தியம் பண்ணுவேன். ஆனால் அன்று அது சொன்னதை ஜெர்மனில் நினைத்துப் பார்க்க எவ்வளவு முயன்றாலும், இன்றுவரை ஒரு சொல்கூட வருவதில்லை.