திருநீறு கொட்டும் புத்தகம்

அந்தப் புத்தகத்தை எப்போது விரித்தாலும் திருநீறு கொட்டும். போன மாதம் வவுனியாவில் நூலகத் தங்கச்சியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அலுமாரியைத் திறந்து, அட்டையில்லாத அந்தப் பழைய நாவலை எடுத்து என் மடியில் வைத்தாள். கடைசித் தாள்களை மெல்லப் புரட்டினேன். ஒட்டுகளுக்கு இடையிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் என் சேலையில் விழுந்தது. இருபது வருடத்துக்கு மேலாகியும் இன்னும் மிச்சம் இருக்கிறதே, பிள்ளையாரே என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். வயல், மாடு, பிள்ளைகள், பிள்ளையார் கோயில் தொண்டு, இவ்வளவும்தான் அப்போது என் உலகம். நூலகம் என்றால் படித்த ஆட்கள் பேப்பர் பார்க்கும் இடம் என்று ஒதுங்கியிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் இடப்பெயர்வின்போது, வேறு ஊர் நூலகம் ஒன்று உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, வழியெல்லாம் மழையில் நனைந்து, எங்கள் சந்திக்கு வந்து சேர்ந்தது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் இருந்த சந்தி அது. மூடிக் கிடந்த நெல் களஞ்சியத்தில் புத்தகங்களை இறக்கினார்கள். அவற்றோடு இறங்கியவள்தான் அவள். இருபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய குரல். நூலகர் என்று அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. ஊருக்கே அவள் நூலகத் தங்கச்சி.

நனைந்த புத்தகங்களைக் காயவைக்கக் கோயில் பெண்கள் நாங்கள் போனோம். கொடி கட்டி, துணி போடுவதுபோலப் புத்தகங்களைக் கவிழ்த்துப் போட்டோம். கழன்று சேறு பட்ட தாள்களை ஒரு கட்டாகக் கட்டி அவள் என்னிடம் நீட்டினாள்.

“இது ஒண்டுக்கும் உதவாது. அடுப்பு மூட்ட எடுங்கோ அக்கா.”

வாங்கிக்கொண்டேன். ஆனால் எழுத்துள்ள கடுதாசி காலில் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற என்னால் அதை எப்படி நெருப்பில் போடமுடியும்? வாசித்துப் பார்க்கவும் இல்லை. சேற்றைத் துடைத்து, பாயின் கீழ் வைத்து நேராக்கி, ஒவ்வொரு தாளையும் நாலாக வெட்டி வைத்தேன். கடுதாசிக்குத் தட்டுப்பாடான காலம் அது. கந்தசஷ்டிக்குத் திருநீறு மடிக்க என்ன செய்வது என்று கோயிலில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளையாரே அனுப்பினார் என்று மடித்துக் கொடுத்தேன். இருநூறு பொட்டலம் இருக்கும்.

அவள் தொடங்கிய சனிக்கிழமை வாசிப்புத்தான் எங்கள் சந்தியைத் தலைகீழாக்கியது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. அதனால் பின்னேரம் நாலு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, களஞ்சிய வாசலில் பாய் விரித்து ஒரு அத்தியாயம் வாசிப்பாள். எடுத்தது இந்த அட்டையில்லாப் புத்தகத்தை. தலைப்பும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. தான் முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்று முதல்நாளே சொல்லிவிட்டாள். “நானும் உங்களோடதான் கேக்கிறன்.” 

கதையில் ஒரு பெடியன் தகப்பனோடு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுவான். தமக்கை பவளம் அவனைத் தேடித் தேடிக் கடிதம் எழுதுவாள். அவ்வளவுதான் கதை. ஆனால் சனிக்கிழமை வந்தால் எங்கள் வீடுகளில் சோறு இரண்டு மணிக்கே வெந்துவிடும். மாடு அவிழ்க்க ஆள் இருக்காது. சைக்கிள் கடைக்காரர் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு வந்து தூணோடு நிற்பார். வாய் மட்டும் சும்மா இருக்காது.

“இந்தப் பெட்டை ஒரு கடிதம் எழுதி முடிக்கிறதுக்குள்ளை நான் நாலு ரியூப் ஒட்டிப்போடுவன்.”

“ஓம் அண்ணை. அடுத்த அத்தியாயம் வாறதுக்குள்ளை அந்த நாலும் காத்துப் போயிடுமெல்லே” என்பாள் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தாமல்.

எப்போதும் முன்னுக்கு இருப்பவர் கொக்கிளாய் அம்மா. கொக்கிளாய்க் கடற்கரையை விட்டு வந்து எங்கள் குடியேற்றக் கொலனியின் ஓரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தவர். அவருடைய ஒரே மகன் மன்னார்ப் பக்கத்தால் இந்தியாவுக்குப் படகேறியவன். போய்ச் சேர்ந்தானா என்றுகூட ஒரு வரி வரவில்லை. ஒவ்வொரு சனியும் வாசிப்பு முடிய அவர் ஒரே கேள்விதான் கேட்பார்.

“பெடியன் வந்தவனோ பிள்ளை?”

“இன்னும் இல்லை அம்மா. வருவான்.”

கடைசி அத்தியாயத்துக்கு வந்த கூட்டம் வீதிவரை நின்றது. பவளம் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கிறாள், பொழுது சாய்கிறது, நாய் குரைக்கிறது. நூலகத் தங்கச்சி தாளைப் புரட்டினாள். அடுத்தது வெறும் முதுகு நூல். கடைசித் தாள்கள் இல்லை.

அப்படி ஒரு ஆரவாரத்தை நான் திருவிழாவிலும் கேட்டதில்லை. ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சண்டை. கொக்கிளாய் அம்மா மட்டும் நூலகத் தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல்தானோ என்னவோ, அவள் எழும்பி நின்று சொல்லிவிட்டாள். “அடுத்த சனிக்கிழமை முடிவு இருக்கும்.”

“நீர் எழுதப் போறீரோ?” என்றார் சைக்கிள் கடைக்காரர்.

அன்று விளக்கு வைத்துவிட்டுச் சாமிப் படத்தின் பின்னால் செருகியிருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். திருநீற்றின் அடியில், என் கண்ணுக்கு நேரே, “பவளம்” என்று இருந்தது. பாதித் திருநீறு நிலத்தில் கொட்டியது. ஊர் முழுக்கத் தேடுகிற முடிவை வெட்டி மடித்து ஊர் முழுக்கக் கொடுத்தவள் நான்தான்.

விடியப்புறம் போய் அவள்முன் அழுதேன். அவளோ கதிரையைத் தள்ளிவிட்டுத் துள்ளி எழும்பினாள்.

“அடுப்பிலை போடச் சொன்னது நான். நீங்கள் போட்டிருந்தா இப்ப என்ன கிடைச்சிருக்கும்? அக்கா, திருநீற்றுப் பொட்டலத்தை இந்த ஊரிலை ஆர் எறிவினம்?”

அது உண்மை. ஒருவரும் எறியமாட்டார்கள். பூசை முடிய ஐயர் சொன்னார், கந்தசஷ்டிப் பொட்டலம் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை நூலகத்துக்குக் கொண்டுபோகும்படி. ஐயோ, அந்தச் சனிக்கிழமை! சாமி அறையிலிருந்தும், நெல்மூட்டைக்குள்ளிருந்தும், பிள்ளைகளின் தலையணைக்குள்ளிருந்தும் பொட்டலங்கள் வந்தன. திருநீறு வீணாகக்கூடாது என்று கோயில் தாம்பாளத்தை நான் கொண்டுபோனேன். அதில் கொட்டக் கொட்ட ஆளாளுக்குப் பூசிக்கொண்டார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் களஞ்சியத்தில் நின்ற எல்லாரும் வெள்ளை நெற்றி. விரித்த துண்டுகளில் கணக்குப் புத்தகம் வந்தது, சமையல் குறிப்பு வந்தது, மாட்டு வைத்தியம் வந்தது. இடையிடையே “பவளம்! பவளம்!” என்று ஒரு கூச்சல் எழும்பும். அவள் ஓடிப்போய் வாங்கிச் சோற்றுப் பசையால் ஒட்டுவாள்.

இந்தக் கதையில் வெட்டுப்பட்ட தாள் மூன்று, துண்டு பன்னிரண்டு. பதினொன்று கிடைத்துவிட்டது. அவள் நின்றபடியே வாசித்தாள். நாய் குரைத்தது, பவளம் நிமிர்ந்தாள், யாரோ வாசல் படலையைத் திறந்தார்கள். அந்த இடத்தில் கடைசித் தாளின் மூலையில் ஓட்டை.

வந்த பொட்டலம் எல்லாம் பிரித்தாயிற்று. பிரிக்காதது ஒன்றுதான் என்பது மெல்ல எல்லாருக்கும் விளங்கியது. கொக்கிளாய் அம்மா சேலைத் தலைப்பு முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

“இது அவன்ரை நெத்தியிலை பூச வைச்சிருக்கிறன். அவன் வந்துதான் பிரிக்கவேணும் எண்டு நேந்துபோட்டன்.”

“ஒருக்கா பாத்திட்டுத் திரும்ப மடிச்சுத் தரலாம்தானே” என்று பின்னுக்கிருந்து ஒரு குரல். அந்த அம்மாவும் தவித்தார். முடிவு தெரியவேண்டும் என்று எங்கள் எல்லாரையும்விட ஏங்கியவர் அவர்தானே. முடிச்சை அவிழ்த்துப் பொட்டலத்தை வெளியே எடுத்துவிட்டார்.

நூலகத் தங்கச்சி பொட்டலத்தை வாங்கவில்லை. மேசையிலிருந்த இரவல் கொப்பியை எடுத்தாள். “கடைசித் துண்டு ஒன்று” என்று எழுதினாள். பெயர் இருக்கிற இடத்தில் கொக்கிளாய் அம்மா. திருப்பித் தரும் திகதியை வெறுமையாக விட்டாள்.

“இது இரவல் போயிருக்கு அம்மா. மகன் வந்தாப்பிறகு கொண்டந்து தாங்கோ.”

நான் பிள்ளையாரைத்தான் நினைத்தேன். அவருக்கும் இப்படி ஒரு கொப்பி இருக்கவேண்டும் என்று பட்டது.

வருடங்கள் போயின. எங்களோடு சேர்ந்து நூலகமும் இன்னும் இரண்டு தரம் உழவு இயந்திரம் ஏறி இறங்கி, கடைசியில் பழைய களஞ்சியத்துக்கே திரும்பி வந்தது. எங்கே இறங்கினாலும் நூலகத் தங்கச்சி சனிக்கிழமைப் பாயை விரித்துவிடுவாள். இரண்டாயிரத்து ஒன்றின் முடிவில், சண்டை ஓயப் போகிறதாம், பாதை திறக்கப் போகிறதாம் என்று எங்கும் ஒரே கதை. அப்படி ஒரு சனிக்கிழமை, வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போது, கொக்கிளாய் அம்மா பிந்தி வந்தார். அவருக்குப் பின்னால் தாடி வைத்த ஒரு ஆள். நெற்றி முழுக்கத் திருநீறு.

அம்மா கூட்டத்தின் நடுவால் நடந்து வந்து, திருநீற்றை எடுத்துவிட்டுத் திரும்ப மடித்த அந்தக் கடுதாசியை மேசையில் வைத்தார். நூலகத் தங்கச்சி முதலில் இரவல் கொப்பியைத் திறந்து திகதியைப் போட்டாள். பிறகு புத்தகத்தை எடுத்து, படலை திறந்த இடத்திலிருந்து, அதே பெரிய குரலில் துண்டை வாசித்தாள்.

“இரண்டாம் களை எடுத்தபின் ஏக்கருக்கு அரை அந்தர் யூரியா இடுதல் வேண்டும்.”

தூணடியிலிருந்து சைக்கிள் கடைக்காரர் கேட்டார். “அப்ப படலையைத் திறந்தது விவசாயக் கந்தோர் உத்தியோகத்தரோ?”

களஞ்சியக் கூரை அதிர நாங்கள் சிரித்த சிரிப்பு அது. கொக்கிளாய் அம்மாதான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “ஒட்டு பிள்ளை” என்றார். “என்ரை பெடியன் வந்து பிரிச்ச கடுதாசி. இதுதான் முடிவு.” அவள் ஒட்டினாள். அளவு அச்சொட்டாக இருந்தது. நான் வெட்டியதல்லவா.

அந்த நூலகம் பிறகு வந்த அழிவில் இல்லாமல் போயிற்று. அட்டையில்லாததால் இலக்கம் போடப்படாத இந்தப் புத்தகம் மட்டும், அவள் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போனபோது கூடப் போனதால் தப்பியது. போன மாதம் நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவளுடைய மகள் வந்து, போனில் ஒரு வரியை அடித்துத் தேடினால் முழுப் புத்தகமும் கிடைக்கும், உண்மையான முடிவைப் பார்க்கலாம் என்றாள்.

“என்னத்தைத் தேடுறது?” என்றாள் நூலகத் தங்கச்சி. “பெடியன் வந்திட்டான்தானே.”

நான் மடியில் விழுந்த திருநீற்றை விரலால் ஒற்றி எடுத்தேன். மூன்று பேருக்குப் போதுமாயிருந்தது.