எந்தத் தண்ணி?

சுவரில் காதை வைத்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் பிளம்பர். பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால் ஒரு விரல் உயரும். வீட்டுக்காரரே ஆனாலும் சும்மா இருக்க வேண்டியதுதான். "இங்கதான் கசியிறான்" என்று பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். கசிவு அவருக்கு எப்போதும் 'அவன்'தான். திருடனைப் பிடிக்கிற மாதிரிதான் பிடிப்பார்.

உலகத்தில் உள்ளதெல்லாம் அவருக்குத் தண்ணீர் விவகாரம். மச்சான் கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காவிட்டால், "லைன்ல காத்து அடைச்சிருக்கு." காய்ச்சல் வந்து படுத்தால், "பிரஷர் பத்தல." ஆகவே எட்டு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, சிகிச்சை தொடங்கி, ரத்தப் பரிசோதனை வாடிக்கையாகிப்போனபோது அதற்கும் அவர் அகராதியிலிருந்தே பெயர் கிடைத்தது. பிள்ளை காதில் வெள்ளணு, எண்ணிக்கை என்றெல்லாம் விழக்கூடாது. முடிவு நன்றாக இருந்தால் மனைவி ஃபோனில் "தண்ணி வருதுங்க" என்பார். குறைந்தால், "தண்ணி நின்னுடுச்சு." புருஷன் பெண்டாட்டிக்குள் பரம ரகசியம்.

மாதக்கணக்கில் தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. மகளுக்குத் தலையில் முடி முளைத்தது. பள்ளிக்கூடம் போய்ப் பக்கத்தில் உட்காருகிறவளோடு சண்டைகூடப் பிடித்தாள். தினமும் மாத்திரை, அவ்வப்போது பரிசோதனை, அவ்வளவுதான் பாக்கி. அப்படியிருக்க, ஒரு நாள் மனைவி கூப்பிட்டார்.

"ஏங்க, தண்ணி நின்னுடுச்சு."

மனிதர் ஒரு ஓட்டல் மொட்டைமாடியில் காலித் தொட்டிக்குள் இறங்கியிருந்தார். "மோட்டார் சுவிட்சை ஒரு தட்டு தட்டிப் பாரு. சாயங்காலம் வந்து பாக்குறேன்."

மறுமுனையில் மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தத் தண்ணி இல்லீங்க."

அப்படியே தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார். பயம் ஒரு பக்கம், மோட்டாரைத் தட்டச் சொன்ன வெட்கம் மறுபக்கம்.

டாக்டரம்மா பதறவில்லை. "மருந்தே சில சமயம் இப்படி இறக்கிவிட்டுடும். ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துவோம். எண்ணிக்கை ஏறிடுச்சுன்னா மறுபடி ஆரம்பிக்கலாம். ஏறலேன்னா எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பாக்கணும்" என்றார். சொன்னதில் கடைசி வாக்கியத்தை மட்டும்தான் இருவரும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இத்தனை நாள் மாத்திரையைத் திட்டித் தீர்த்தவர்களுக்கு, அது இல்லாத ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

"காவக்காரனை வெளிய அனுப்பிட்டாங்களே" என்றார் மனைவி.

"ரிப்பேர்னா வால்வை மூடத்தானே வேணும்? அப்புறம் திறப்பாங்க" என்றார் இவர். சொன்ன குரலில் பிரஷர் இல்லை.

பட்ட காலிலே படும் என்பார்கள். அதே வாரம் ரோடு தோண்ட வந்தவர்கள் மெயின் குழாயை உடைத்துவிட்டதில் தெருவுக்கே தண்ணீர் இல்லாமல் போனது. ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுகிறவர் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார். மகளுக்கு ஒரே கொண்டாட்டம். "பிளம்பர் வீட்டுலயே தண்ணி இல்லையாம்!"

மறுபரிசோதனை முடிவு வரவேண்டிய நாளில் அவர் ஒரு வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஃபோன் அடித்தது.

"ஏங்க, தண்ணி வந்துடுச்சுங்க!"

ஒருமுறை சூடுபட்ட பூனை. "எந்தத் தண்ணி?"

மனைவி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிடிபடவில்லை. அதற்குள் மகள் ஃபோனைப் பிடுங்கிவிட்டாள்.

"ரெண்டு தண்ணியும்ப்பா! குழாய்லயும் வருது, வெள்ளணுவும் ஏறிடுச்சு. இன்னைலேருந்து மறுபடி மாத்திரையாம்!"

வெள்ளணு என்கிறாள். எத்தனை நாளாகத் தெரியுமோ கழுதைக்கு!

கூடத்திலிருந்து அந்த வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தார். "என்னப்பா, தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா" என்றார் பிளம்பர், கழற்றிய குழாயை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு.