ஹாஜராவின் எருமை

ராஜபாளையத்தில் ஹாஜரா குடியிருந்த வீட்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்தால் இன்னொரு ஆள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுக்காரிக்கு ஒரு கறவை எருமை இருப்பதாக பேங்க்காரர்கள் சொன்னார்கள். வாயால் சொன்னதோடு விடவில்லை. எருமைக் கடனைக் கட்டாதவள் என்று அவள் பெயரை எழுதியும் வைத்திருந்தார்கள். எருமையைக் கட்ட ஒரு முளைக்குச்சி அடிக்கவாவது இடம் வேண்டாமா என்று யோசிக்கிற புத்தி அங்கே ஒருவருக்கும் இல்லை.

ஹாஜரா தையல்காரி. புருஷன் மௌத்தான பிறகு நைட்டியும் உள்பாவாடையும் தைத்துத்தான் மகள் ஜெய்னபை வளர்த்தாள். தைக்கிற மெஷின் அவளுடையது இல்லை, துணி கொடுக்கிற வியாபாரியுடையது. அதனால் அவர் வைத்ததுதான் கூலி. கூட்டிக் கேட்டால், "அப்ப மெஷினை எடுத்துக்கிடட்டுமா?" என்பார். உடனே இவள் குனிந்து தைக்க ஆரம்பித்துவிடுவாள். சொந்தமாக ஒரு மெஷின் வேண்டும், அந்தக் கேள்விக்கு ஒருநாள் "எடுத்துட்டுப் போங்க" என்று பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

தொண்ணூற்று மூன்றில், தையல் தெரிந்த பெண்களுக்கு மானியத்தோடு மெஷின் கடன் என்று அறிவிப்பு வந்தது. மார்ச்சுக்குள் வாங்கிவிட வேண்டும். அதற்கு ஊரிலுள்ள ஒவ்வொரு பேங்க்கிலும் 'பாக்கி இல்லை' என்று சான்று கேட்டார்கள். மற்ற பேங்க்குகளில் கொடுத்துவிட்டார்கள். பஜார் பேங்க்கில்தான், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, எருமை புறப்பட்டது.

யோசித்துப் பார்த்ததும் அவளுக்கு விளங்கியது. எண்பத்தாறில் பள்ளிக்கூட மைதானத்தில் லோன் மேளா நடந்தபோது மெஷின் கேட்டுப் போயிருந்தாள். "மெஷின் கோட்டா முடிஞ்சிருச்சு. கையெழுத்தும் போட்டோவும் குடுத்துட்டுப் போங்க, வந்தா சொல்லிவிடுதோம்" என்றான் ஒரு புரோக்கர். இவளும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் கையெழுத்தில் எவனோ எருமை வாங்கிப் பாலும் கறந்து குடித்துவிட்டான்.

"நான் வாங்கவே இல்லையே சார்" என்று மேனேஜரிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

"எருமை செத்தப்பவே காதை அறுத்து, அதுல மாட்டின வில்லையோட கொண்டாந்திருக்கணும்மா. இன்சூரன்ஸ்ல கழிஞ்சிருக்குமே" என்றார் மேனேஜர். நல்ல மனுஷர்தான், உதவி செய்வதாகத்தான் அவருக்கு நினைப்பு. இல்லாத எருமைக்குக் காது ஏது?

வக்கீலைப் பார்க்கலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். முதலில் பார்த்த வக்கீல், "அந்த பேங்க்குக்கு நான்தாம்மா பத்திரம் பாத்துக் குடுக்கேன்" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். கோர்ட்டுப் பக்கம் போர்டு மாட்டியவர்களில் பாதிப்பேர் அந்த பேங்க் சோற்றைத் தின்றார்கள். மீதிப்பேர் அந்தச் சோற்றுக்கு மனுப்போட்டுக் காத்திருந்தார்கள். யார் வாசலில் போய் நின்றாலும் அந்த எருமை அவளுக்கு முன்னால் போய் நின்றது.

கடைசியில் ஸாவித்ரி என்ற வக்கீலம்மாதான் உட்காரச் சொன்னார். பெண் வக்கீல் என்பதால் பேங்க் அவரைக் கூப்பிட்டதில்லை. அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நுகர்வோர் மன்றத்துல போடலாம். ஆனா நீங்க அந்த பேங்க்கோட வாடிக்கையாளரா இருக்கணும். கடன் வாங்கலேன்னு சொன்னா நீங்க வாடிக்கையாளரே இல்லேம்பா, கேஸ் நிக்காது. வாங்கினேன்னு சொன்னா கடனைக் கட்டுன்னுடுவா."

"வேற கோர்ட்டுக்குப் போனா?"

"வருஷக்கணக்கா இழுக்கும்மா. உங்க மெஷின் மார்ச்சோட போயிடுமே."

முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும். ஹாஜராவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஸாவித்ரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு வழி இருக்கு. அதே பேங்க்ல சேமிப்புக் கணக்கு ஒண்ணு ஆரம்பியுங்கோ. அப்போ வாடிக்கையாளர் ஆயிடுவேள். அப்புறம் சான்று கேட்டு எழுதிக் குடுத்து, அவா மறுத்தா கேஸைப் போட்டுடலாம்."

அன்றைக்கு பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, நின்றது தெரியவும் இல்லை. ஜெய்னபுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போனாள்.

கணக்கு ஆரம்பிக்க, ஏற்கெனவே அங்கே கணக்கு உள்ளவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வீட்டுப் பரிபூரணத்தைக் கெஞ்சிக் கூட்டிப்போனாள். கிளார்க் பெயரைக் கேட்டார், ஏதோ புரட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"அறிமுகமெல்லாம் எதுக்கும்மா? உங்களுக்குத்தான் இங்க கணக்கு இருக்கே. பணத்தைக் குடுங்க."

பரிபூரணத்துக்கு அடுப்பு வேலை கிடந்தது. கையெழுத்து மிச்சம் என்று அவளும் கிளம்பிவிட்டாள். ஹாஜரா பணத்தைக் கட்டினாள். இங்கிலீஷில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். இத்தனை சுலபமாக முடிந்ததே என்று அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே மறுநாள் அதை ஸாவித்ரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

படித்துவிட்டு ஸாவித்ரி அதைத் திருப்பித் தரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"புதுக் கணக்கு ஆரம்பிக்கலை. எருமைக் கடன்ல வரவு வச்சுட்டா. நீங்களே கடனை ஒத்துண்டு தவணை கட்டின மாதிரி ஆயிடுத்து. இனிமே எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் இந்தச் சீட்டைத்தான் காட்டுவா."

ஹாஜரா அழவில்லை. அழுகிற கட்டமெல்லாம் தாண்டியிருந்தது.

"சரிம்மா. தவணையும் கட்டியாச்சு. அந்த எருமை எங்க கட்டிக் கிடக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. சாணியாவது அள்ளிக்கிடுதேன்."

ஸாவித்ரிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, பீஸ் வாங்கவும் மனம் வரவில்லை. மார்ச் வந்தது, போனது. ஹாஜரா வியாபாரியின் மெஷினிலேயே தைத்தாள். இடுப்பு விட்டுப்போன பிறகு, அதே மெஷினில் ஜெய்னப் உட்கார்ந்தாள்.